அண்ணன் வீட்டில் படித்த வருடம்

கடிதம் எண்: 6 / 2019
18-6-2019, செவ்வாய்க்கிழமை, காலை 10.20 மணி
பொருள்: தங்கையின் பல்கலைக்கழகச் சேர்க்கை

அன்பு மகனுக்கு,

நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். இங்கு மூவரும் உடம்பளவில் நன்றாகவே இருக்கிறோம். 9-6-2019 அன்று நீ தொலைபேசியில் தங்கையின் சேர்க்கையைப் பற்றிக் கேட்டபோது, உன் அம்மா "எல்லாம் நல்லபடியா நடக்குதுப்பா" என்று சொல்லி, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று வைத்துவிட்டாள். அடுப்பில் எதுவும் இல்லை. நடந்தது இதுதான்.

6-6-2019 அன்று நானும் தங்கையும் சான்றிதழ்களோடு அரசு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்துக்குச் சென்றோம். உள்ளூர் மாணவர் பிரிவில் சென்ற ஆண்டு கடைசி இடம் பெற்றவரைவிட அவள் மதிப்பெண் அதிகம். ஆனால் அங்கிருந்த அம்மையார் பத்தாம் வகுப்புச் சான்றிதழை மட்டும் தனியே எடுத்துவைத்து, "பத்தாவது வெளியூர்லயா படிச்சீங்கம்மா?" என்று கேட்டார். பள்ளியின் கடைசி மூன்று ஆண்டுகளையும் இங்கேயே படித்தவர்களுக்குத்தான் அந்தப் பிரிவாம். மற்றவர்கள் பொதுப் பிரிவில் போட்டியிட வேண்டும், அதற்கு இவள் மதிப்பெண் எட்டாது. பேறுகாலத்தில் மருமகள் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் 3-6-2016 அன்று நாம் அவளை உன் வீட்டுக்கு அனுப்பினோமே, அந்த வருடம்தான் இப்போது குறுக்கே நிற்கிறது. படிப்பு கெடக்கூடாதென்று அங்கேயே பள்ளியில் சேர்த்தோம். பத்தாவது படிக்கிற பிள்ளைக்காகப் பல்கலைக்கழக விதியை யார் புரட்டிப் பார்க்கிறார்கள்?

இதற்குள் விஷயம் உன் மாமாவின் காதுக்கு எட்டிவிட்டது. அந்த வருடமும் அவள் இங்கேதான் படித்தாள் என்று சான்றிதழ் தர ஒரு பள்ளிக்காரரைப் பிடித்துவிட்டார். அவள் நம் வீட்டிலேயே இருந்தாள் என்று நான் ஓர் உறுதிமொழி தந்தால் போதுமாம். 14-6-2019 மாலை அந்தத் தாளைச் சாப்பாட்டு மேசைமேல் விரித்து, "யாரு அத்தான் தோண்டிப் பாக்கப் போறா? நீங்க ஒரு கையெழுத்து போடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். பால் பாக்கெட்டில் தேதி பார்க்காமல் வாங்கியதற்காக உன் அம்மாவோடு ஒரு வாரம் பேசாமலிருந்தவன் நான். அந்த நான் பேனாவைத் திறந்துவிட்டேன். அப்போது தங்கை வந்து தாளை நின்றபடியே படித்தாள். "ஏம்ப்பா, அந்த வருஷம் நான் இங்க இருந்தேன்னா, பாப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தது யாரு?" என்று கேட்டாள். மாமா, "வாயாடி, உனக்கு சீட்டு வேணுமா, வியாக்கியானம் வேணுமா?" என்றார். "சீட்டு வேணும் மாமா. இப்படி வேணாம்" என்று சொல்லி அறைக்குள் போனாள். வழக்கமாகக் கதவை அறைந்து சாத்துகிறவள், அன்று சத்தமே வராமல் சாத்தினாள். நான் பேனாவை மூடிவிட்டேன். மாமா அதன்பின் வரவில்லை.

நேற்று, 17-6-2019, பக்கத்துக் கல்லூரியில் விலங்கியல் சேர்ந்திருக்கிறாள். எதிர்வீட்டு நாய் நொண்டியபோது அதன் பாதத்திலிருந்து கண்ணாடிச் சில்லை எடுத்த பெண், இனி தவளைப் படத்துக்குப் பாகம் குறித்துக்கொண்டிருப்பாள். யாரையும் குறை சொல்ல இடமில்லாத வருத்தம் இது. அதனாலேயே நெஞ்சை விட்டு இறங்க மறுக்கிறது. இதை உனக்கு எழுதக் கூடாது என்று அவள் சொன்னாள். மாமா வாயிலாக நீ கேள்விப்படுவதைவிட என் கையால் அறிவது மேல் என்று எழுதுகிறேன். அவளிடம் பேசும்போது "என்னாலதானே" என்று ஆரம்பிக்காதே, தாங்க மாட்டாள். வகுப்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள்.

நீங்கள் மூவரும் நோய்நொடியின்றி நீடூழி வாழ என் ஆசிகள். 11-7-2019 அன்று பேத்திக்கு மூன்று வயது நிறைகிறது. நீ மறப்பாய் என்பதால் நினைவூட்டுகிறேன்.

உன் நலம் நாடும்,
அப்பா

இணைப்பு:
1. சேர்க்கை விதியின் நகல், ஒரு பக்கம். கோடிட்டது நான்.
2. மருமகளுக்குத் தங்கை எழுதியது. ஒட்டித் தந்தாள், நான் பிரிக்கவில்லை.
3. கையெழுத்திடாத உறுதிமொழித் தாள். விண்ணப்பிக்கக் கடைசி நாள் 21-6-2019. அதுவரை இது இந்த வீட்டில் இருக்க வேண்டாம். கிழிக்க எனக்குக் கை வரவில்லை, நீ கிழித்துவிடு.