பத்ரி போகிறவர்கள்

மே 6, 1979

பெரியப்பாவிடமிருந்து கார்டு. இவருடைய அப்பா போனபின் இவரை வளர்த்து ஆளாக்கியவர். பத்ரிநாத் யாத்திரையாம். ஐந்து பேர். போகும் வழியில் ஒரு வாரம் இங்கே. டில்லி கிட்வாய் நகரில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்ததிலிருந்து தஞ்சாவூர் ஜில்லாவில் பாதிப் பேர் எங்கள் வீட்டு வழியாகத்தான் புண்ணியம் தேடப் போகிறார்கள்.

எனக்கு ஐந்தாம் மாதம். முன்னால் இரண்டு தங்கவில்லை. படுத்தே இருக்க வேண்டும், குடம் தூக்கவே கூடாது என்று டாக்டரம்மா இவரை வைத்துக்கொண்டுதான் சொன்னாள். வர வேண்டாம் என்று தந்தி கொடுங்கள் என்றேன்.

"பெரியப்பாகிட்ட எப்படிச் சொல்றது, விஜி?"

சொல்ல மாட்டார். எனக்குத் தெரியும்.

மே 12

வந்துவிட்டார்கள். பெரியம்மா ரயிலில் இரண்டு நாளும் வாழைப்பழம் மட்டும்தானாம். மடியாகச் சமைத்தால்தான் சாப்பிடுவாள்.

மே 13

வெயில் காலம், மாடிக் குழாயில் தண்ணீர் ஏறவில்லை. கீழேயிருந்து தூக்க வேண்டும். நான் குடத்தோடு படியில் நிற்பதைப் பார்த்து எதிர்வீட்டு ஹர்பஜன் கௌர் ஹிந்தியில் திட்டித் தீர்த்தாள். அப்புறம் அவளே இரண்டு வாளி கொண்டுவந்து வைத்தாள்.

அவள் போனதும் பெரியம்மா இரண்டையும் கொட்டினாள். கோபமே இல்லை. "அவ தொட்ட ஜலம் சமையலுக்கு ஆகாதும்மா. நீ ஸ்நானம் பண்ணிட்டு ஈரத்தோட ரெண்டு குடம் எடுத்துண்டு வந்துடு. மெதுவா ஏறு, போறும்."

மெதுவாகத்தான் ஏறினேன். இவர் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மே 15

இன்றும் இரண்டு குடம். இடுப்பு விட்டுப்போகிறது.

மே 18

போய்விட்டது. ஆண்.

மே 20

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன். வீடு காலி. யாத்திரை கிளம்பினவர்கள் தீட்டு வீட்டில் இருக்கக் கூடாதாம். அன்று மத்தியானமே மூட்டை கட்டிக்கொண்டு ஹரித்வாருக்கு பஸ் ஏறிவிட்டார்கள். ஒருத்தர்கூடவா என்னை வந்து பார்க்கக் கூடாது? தொட வேண்டாம். வாசலில் நின்றாவது?

ஹர்பஜன் கௌர்தான் துணியெல்லாம் அலசினாள். தலை வாரிவிட்டாள். என் ஹிந்தி கறிகாய் பேரம் பேசத்தான் உதவும். இதற்கு என்ன வார்த்தை என்று தெரியவில்லை. அவளும் ஒன்றும் கேட்கவில்லை. "ரோ லே, பேட்டி," என்றாள். அழு மகளே என்று சொல்ல இந்த ஊரில் எனக்கு ஒரு பஞ்சாபிக்காரிதான் இருந்தாள். அழுதேன்.

மே 27

இவர் ஓட்டல் சாப்பாடு வாங்கி வருகிறார். பேசவில்லை. என்ன இருக்கிறது பேச?

ஜூன் 4

பத்ரியிலிருந்து திரும்பிவிட்டார்கள். படுத்திருந்தேன். கீழே டாக்சிக் கதவு சாத்தும் சத்தம், பிறகு படியில் பெரியம்மாவின் குரல். "தீட்டுதான் கழிஞ்சுடுத்தே. பாவம், சமையல நான் பாத்துக்கறேன். ஜலம் மட்டும் அவ எடுத்துத் தரட்டும்."

இவர் வாசலிலேயே நின்றார். "சாமான மேல கொண்டுவர வேண்டாம், பெரியப்பா. டாக்சிய நிக்கச் சொல்லியிருக்கேன்."

கொஞ்ச நேரத்தில் டாக்சி கிளம்பிப் போயிற்று.

இந்த வாய் போன மாதமும் இவரிடம் இருந்ததே.

உள்ளே வந்து, இரண்டு பேருக்கு எவ்வளவு அரிசி வைக்க வேண்டும் என்று கேட்டார். கண் சிவந்திருந்தது. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.