டீக்கடையில் வைத்த கத்தரிக்கோல்

15.7.91, திங்கள்

வெயில். காற்று வேறு. கொடியில் போட்ட துணியெல்லாம் புழுதி.

கம்பெனியில் கொடுத்த நோட்டு இது. முன்பக்கம் டிரெய்னிங் பாடத்துக்கு. பின்பக்கம் எனக்கு.

வேலை கிடைத்துவிட்டது! மெயின் ரோட்டில் புதிதாக வந்த ஷூ கம்பெனி. தோல் தைக்கிற வேலை. பதினைந்து வருடமாகப் பென்னலூருக்கே பிளவுஸ் தைத்தவள், முப்பத்தெட்டு வயதில் பஸ் ஏறி வேலைக்குப் போகப்போகிறேன். எடுத்தது இருபது பேர், மற்ற பத்தொன்பதும் சின்னப் பெண்கள். ஒரு மாதம் டிரெய்னிங். முடிவில் பன்னிரண்டு பேருக்குத்தான் வேலை கார்டு.

ஒரே தொல்லை: சேர வேண்டியது புதன்கிழமை. ஆடி ஒன்று. ஆடியில் யாராவது எதையாவது ஆரம்பிப்பார்களா என்று நாத்தனார் வந்து ஒரு பாட்டம் கத்திவிட்டுப் போனாள். வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. அது எப்போதும் உள்ளதுதான்.

நானா விடுவேன்? பரஸ்தானம் வைத்துவிட்டேன். நல்ல நேரத்தில் நம் பொருள் ஒன்றை வழியில் ஒருவரிடம் வைத்துவிட்டால், அன்றைக்கே கிளம்பியதாகக் கணக்கு. போகும்போது எடுத்துக்கொண்டால் போதும். நாளை செவ்வாய், ஆகாது. அதனால் இன்று சாயங்காலமே என் கத்தரிக்கோலை மஞ்சள் துணியில் சுற்றி, கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடை எல்லம்மாக்காவிடம் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே பிஸ்கட் பாட்டில்களுக்குப் பின்னால் வைத்தாள்.

நான் ஆனியிலேயே கிளம்பிவிட்டேன். நாத்தனாருக்கும் சொல்லியனுப்பியாயிற்று.

17.7, புதன்

முதல் நாள். இருபது பேரும் செருப்பை வாசலிலேயே வரிசையாகக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். ஷூ கம்பெனிக்குள் வெறுங்காலா என்று சூப்பர்வைசர் சார் தலையில் அடித்துக்கொண்டார். மெஷினைச் செருப்புக் காலால் மிதிப்பதா? மனசு கேட்கவில்லை. அப்புறம் மிதித்தேன்.

கரண்டு மெஷின். லேசாகத் தொட்டால் போதும், பேய் மாதிரி ஓடுகிறது. உடைந்த ஊசி: 3. முதுகுவலி: உண்டு. சந்தோஷம்: சொல்லி மாளாது.

கத்தரிக்கோலை எடுக்க மறந்தேன். கம்பெனியே ஒன்று கொடுத்துவிட்டது.

19.7, வெள்ளி

எல்லாம் போச்சு.

ஆடி முதல் வெள்ளி. வீட்டில் வெள்ளி தவறாமல் மெஷினுக்கு மஞ்சள் பூசுவேன். அந்த நினைப்பில் கொஞ்சம் குழைத்து எடுத்துப் போயிருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் என் மெஷினுக்குப் பூசினேன். எனக்கும் அக்கா, எனக்கும் அக்கா என்று பெண்கள் கேட்டதில் இருபது மெஷினுக்கும் பூசினேன். ஊசிக்குக் கீழே உள்ள தகட்டிலும்.

மணி அடித்ததும் தைக்கக் கொடுத்தது வெள்ளைத் தோல்! பதினாலு துண்டில் மஞ்சள் கறை.

யார் செய்தது என்று சூப்பர்வைசர் சார் கேட்டார். சொல்லாவிட்டால் மொத்த பேட்சையும் அனுப்பிவிடுவேன் என்றார். எழுந்து நின்றேன்.

"நான்தான் சார்."

"திங்கக்கெழம மேனேஜர் வருவாரு. இருக்கணுமா வேணாமான்னு அவரு சொல்லட்டும். இப்ப நீ வூட்டுக்குப் போ."

வெளியே வந்தால் எல்லம்மாக்கா மஞ்சள் துணி மூட்டையை நீட்டினாள். "எடுத்துகினு போறியா?"

கை போகவில்லை. எடுத்தால் திரும்பி வந்துவிட்டதாகத்தானே ஆகும். இருக்கட்டும்க்கா என்றேன். பஸ்ஸில் அழுதேன். வீட்டில் சொல்லவில்லை.

21.7, ஞாயிறு

மகள் மல்லிகாவும் மாப்பிள்ளையும் வந்தார்கள். வைகாசியில் கல்யாணம். ஆடிக்கு அவள் இங்கே, மாப்பிள்ளை அங்கே திருவள்ளூரில்.

வடை, பாயசம், அவியல், அப்பளம், முகத்தில் ஒரு சிரிப்பு. மாப்பிள்ளை சாப்பிட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினார். பாவம், முகம் இவ்வளவு நீளம்.

அவர் போனதும் மல்லிகா பிடித்துக்கொண்டாள். "பாயசத்துல உப்பு போட்டுகீற. அவரும் மரியாதைக்குக் குடிச்சிட்டுப் போறாரு. இன்னா ஆச்சு ஒனக்கு?"

சொல்லிவிட்டேன். நான் சொல்லச் சொல்ல, அவள் பாட்டுக்குப் பெட்டியைத் திறந்து ஒரு வெள்ளை உள்பாவாடையை எடுத்தாள். நலங்கு அன்று மஞ்சள் ஊறிப்போனது. இப்போது கறையே இல்லை.

"வெயில்ல காயப்போட்டேன், போயிடுச்சி. மஞ்சள சோப்பு எடுக்காது, வெயில் எடுக்கும்னு நீதானம்மா சொன்ன?"

ஆமாம்! எத்தனை பிளவுஸ் அப்படி எடுத்துக்கொடுத்திருக்கிறேன்! பயத்தில் புத்தி மழுங்கிவிட்டது. அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். கல்யாணம் ஆனவளாச்சே என்று பார்க்கவில்லை.

22.7, திங்கள்

மேனேஜரிடம் மத்தியானம் வரைக்கும் கெடு கேட்டேன். துணிக்குச் சரி, தோலுக்கு எப்படியோ. கொடுத்தார். சைக்கிள் ஸ்டாண்டு சுவர்மேல் பதினாலு துண்டையும் பரப்பினேன்.

செம்பரம்பாக்கம் பக்கமிருந்து மேகம். ஆடிக் காற்றில் துண்டு பறக்கிறது. கல் வைத்தேன். மேகத்தைத் திட்டினேன், சத்தமாகவே. வாட்ச்மேன் ஒரு மாதிரி பார்த்தார். பத்தரைக்கு வெயில் வந்தது. வந்தது என்றால் சுட்டெரிக்கிற வெயில்.

சாப்பாட்டு மணிக்குள் பதினொன்று சுத்த வெள்ளை. மூன்றில் தையல் ஓட்டையில் மட்டும் லேசாக. மேனேஜர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். போய் உட்காரம்மா என்றார். அவ்வளவுதான்.

அப்புறம் சூப்பர்வைசர் சார் என் மெஷினருகே வந்து மெல்லச் சொன்னார். "அடுத்த வெள்ளிக்கெழம மெஷினுக்குப் பின்பக்கம் பூசும்மா. அங்க தோல் படாது."

14.8, புதன்

நேற்று சாயங்காலம் நல்ல மழை. கம்பெனி வாசலெல்லாம் சேறு.

லிஸ்ட் ஒட்டினார்கள். பன்னிரண்டில் பதினோராவது: சரசு, பென்னலூர். மூன்று தடவை படித்தேன். சேற்றிலேயே குதித்தேன். எல்லம்மாக்கா டீ கொடுத்தாள், காசு வாங்கவில்லை.

18.8, ஞாயிறு

ஆவணி இரண்டு. மல்லிகாவைக் கூட்டிப்போக மாப்பிள்ளை விடிந்ததும் வந்து நின்றார்.

என் தையல் மெஷினை அவளுக்கே கொடுத்துவிட்டேன். இரண்டு நாளாக யோசித்து எடுத்த முடிவு. வீட்டுக்காரர் இன்றைக்கு வாய் திறந்தார். "அந்த சத்தம் இல்லாம எனக்கு மத்தியானம் தூக்கமே வராதுடி." இத்தனை வருஷத்தில் இதை ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். ஆனாலும் கொடுத்தேன்.

"கத்தரிக்கோல் எங்கம்மா?" என்றாள் மல்லிகா.

டீக்கடையில்! எல்லோரும் சிரித்தோம். மெஷினை மாட்டுவண்டியில் ஏற்றி மெயின் ரோட்டுக்குப் போனோம். எல்லம்மாக்கா தூசி தட்டிக் கொடுத்தாள். கத்தரிக்கோலைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும். அதனால் மெஷின் மேல் வைத்தேன், அவள் எடுத்துக்கொண்டாள். மெஷின் பஸ் மேலே. மூட்டை அவள் மடியில். ஜன்னல் வழியாகக் கை ஆட்டினாள்.

வீட்டில் மெஷின் இருந்த இடத்தில் நாலு கால் தடம். சாணி போட்டு மெழுகினேன், போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். ஒரு மாதமாகக் கிளம்பாமல் கிடந்தது அந்தக் கத்தரிக்கோல் ஒன்றுதான். அதுவும் போய்விட்டது, என் மகளோடு.

நாத்தனார் பிளவுஸ் இரண்டு வெட்டியபடியே கிடக்கிறது. இனி திருவள்ளூர் போய்த் தைத்துக்கொள்ளட்டும்.

நாளை ஃபர்ஸ்ட் ஷிப்ட். பஸ் ஐந்தரைக்கு.