வலது பக்கத்து நரம்பு

எம். புதுப்பட்டி,
4.8.2024

பாண்டிலட்சுமிக்கு,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். எனக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். வயிற்றில் சிறு துளைகள் போட்டே சுரப்பியை எடுத்துவிடலாம் என்கிறார் மதுரை டாக்டர் நவநீதகிருஷ்ணன். அதன் இருபுறமும் ஆண்மைக்கான நரம்புகள் ஒட்டி ஓடுகின்றனவாம். இடது பக்கத்தைக் காப்பாற்றலாம், வலது பக்கத்தை நோய் தொட்டுவிட்டது, வெட்டத்தான் வேண்டும் என்கிறார். பட்டாசு ஆபீசில் மருந்து அடைக்கிற நூறு பேரை மேய்க்கிற போர்மேனிடம் பேசுகிற பேச்சா இது? இரண்டையும் விட்டுவைத்தால்தான் படுப்பேன் என்று சொல்லிவிட்டேன். சொந்தக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். சட்டப்படி நீதான் மனைவி. பதினொரு வருஷம் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டது போதும். வந்து போடு.

கருத்தப்பாண்டி

ஆனைக்குட்டம்,
9.8.2024

கருத்தப்பாண்டி அவர்களுக்கு,

நான் உட்கார்ந்து சாப்பிடவில்லை. அண்ணனோடு வயலில் நின்றுதான் சாப்பிடுகிறேன்.

அந்த நரம்பு யாருக்காக? என்னை ஊரறிய மலடி என்றீர்கள். செல்லத்தாயை இரண்டாம் தாரமாகக் கொண்டுவந்தீர்கள், அவளும் நாலு வருஷத்தில் அதே பேரோடு போனாள். நீங்களும் ஒரு டெஸ்ட் எடுங்கள் என்று அன்று நான் சொன்னதற்கு, "ஆம்பளையப் பாத்துக் கேக்குற கேள்வியாடி இது" என்று செவிட்டில் அறைந்தீர்கள்.

வியாழக்கிழமை வந்து கையெழுத்துப் போடுகிறேன். அந்த நரம்போடுதான் சுடுகாட்டுக்குப் போவேன் என்றால், உங்கள் இஷ்டம்.

பாண்டிலட்சுமி

எம். புதுப்பட்டி,
30.9.2024

அன்புள்ள லட்சுமி,

கையெழுத்தைப் போட்ட கையோடு பஸ் ஏறிவிட்டாய். அன்று சாயங்காலமே டாக்டரிடம் வலது பக்கத்தை வெட்டச் சொன்னேன். சாவு பயம்தான். நோயை முழுதும் எடுத்தாயிற்று. இடது நரம்பு தப்பியது. அது தேறி வர ஒரு வருஷம் ஆகலாம், தேறாமலும் போகலாமாம். இருமினால் மூத்திரம் கசிகிறது. பேடு வைத்துக்கொண்டுதான் ஆபீசுக்குப் போகிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். செல்லத்தாய் வருவதற்கு முன்பே விருதுநகரில் டெஸ்ட் எடுத்தேன். குறை என்னிடம்தான். இது நமக்குள் இருக்கட்டும். நீ வந்துவிடு.

உன் கருத்தப்பாண்டி

ஆனைக்குட்டம்,
7.10.2024

கருத்தப்பாண்டி அவர்களுக்கு,

என்னை மலடி என்றது நமக்குள்ளா?

நேற்று உங்கள் அக்கா பாலம்மாள் வீட்டுக்குப் போனேன். மருமகள்கள் எல்லாரும் இருக்கும்போதே உங்கள் கடிதத்தை வாசித்தேன். மூத்திரம், பேடு என்ற வரிகளை மட்டும் விட்டுவிட்டேன். நோயைச் சொல்லிச் சிரிக்கவைக்க நான் நீங்களில்லை. உங்கள் அக்கா "தெரிஞ்சுக்கிட்டேவா எங்களையும் ஒன்னைய ஏசவச்சான்?" என்றார்.

செல்லத்தாய்க்கும் போனில் வாசித்துக் காட்டினேன். அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

நானும் வரமாட்டேன்.

பாண்டிலட்சுமி