பின்வாசல் பூட்டு

மார்ச் 3

என் செல்லத் தம்பிக்கு அக்கா எழுதுவது,

இருக்கிறேன். அதற்கு மேல் 'நலம்' என்று எழுதக் கை வரவில்லை. நீ எம்.எல்.ஏ. ஆபீசில் சேர்ந்தபோது, "மாமா இருக்காரு, இனிமே நமக்கும் செல்வாக்குதான்" என்று கேலி செய்தவள் என் மகள் வாலுதான். அவளுக்காகவே அந்தச் செல்வாக்கைக் கேட்கும்படி ஆகிவிட்டது.

பை தைக்கும் கம்பெனியில் தீப்பிடித்த அன்று பின்வாசலை வெளியே பூட்டி வைத்திருந்தார்கள். என் மகளோடு சேர்த்து ஆறு பேர் போய்விட்டார்கள். எரியாத பாதியில் மறுபடி மிஷின் ஓடுகிறது. அதே கதவில் புதுப் பூட்டு. இஸ்திரிக் கடை வேலைக்குப் போகிற வழியில் தினமும் பார்க்கிறேன். உன் எம்.எல்.ஏ. ஐயாவிடம் பேச ஏற்பாடு செய். பூட்டை எடுக்கச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

போனில் என்றால் அழுதுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

உன் அக்கா

மார்ச் 9

அன்பு அக்கா,

பதினெட்டாம் தேதி காலையில் வா. ஐந்து நிமிடம் கிடைக்கும். ஊர்க்கதை பேசினால் ஐயா கடிகாரத்தைப் பார்ப்பார். முதலில் நன்றி சொல். பிறகு வாலுவைப் பற்றி இரண்டு வரி. போட்டோ கொண்டு வா. ஒரே ஒரு கோரிக்கை. அழுதால் பரவாயில்லை, கத்தாதே.

என்ன சொல்லப் போகிறாய் என்று முழுக்க எழுதி அனுப்பு. எதை வைக்கலாம், எதை விடலாம் என்று நான் பார்க்கிறேன். என்னிடம் எதையும் மறைக்காதே. கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகு. வேளைக்குச் சாப்பிடு அக்கா.

தம்பி

மார்ச் 12

தம்பிக்கு,

கண்ணாடியில் அவள் மூக்குதான் தெரிகிறது. அதனால் இஸ்திரிப் பெட்டியிடம் பேசிப் பழகினேன். கடைக்காரர், "என்னம்மா, சட்டைகிட்ட மனு குடுக்கிறியா?" என்றார். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தேன்.

சொல்லப் போவதையெல்லாம் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். இனி எழுதுவது உனக்கு மட்டும். தப்பித்து வந்த பக்கத்து மிஷின் பெண் சொன்னாள்: வாலு முன்வாசல் வரைக்கும் வந்துவிட்டாளாம். செருப்பை எடுக்கத் திரும்பினாளாம். நான் ஆசையாக வாங்கிக் கொடுத்த புதுச் செருப்பு. அதற்குள் முன்வாசலில் நெருப்பு. மற்றவர்களோடு பின்வாசலுக்கு ஓடியிருக்கிறாள். அவர்கள் கதவைத் தட்டியது வெளியே நின்ற இந்தப் பெண்ணுக்குக் கேட்டிருக்கிறது. கொஞ்ச நேரம் கேட்டதாம்.

இதை உன் ஐயா வரைக்கும் கொண்டு போகாதே. செருப்புக்காகச் செத்தாள் என்று நாலு பேர் சொல்லக் கூடாது.

அக்கா

மார்ச் 15

அக்கா,

நான் யாரிடம் சொல்லப் போகிறேன்? ஆனால் பூட்டுப் பேச்சு வேண்டாம். கம்பெனி முதலாளி, எங்கள் ஐயாவுக்கு வேண்டியவர். அரசு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் உனக்கு வேலை கேள், கட்டாயம் கிடைக்கும். போனவள் வரமாட்டாள், இருக்கிறவள் பிழைக்க வேண்டாமா? என் பிழைப்பையும் கொஞ்சம் நினைத்துப் பார்.

தம்பி

மார்ச் 19

தம்பி,

நீ சொன்னபடியே நன்றி சொன்னேன். போட்டோவை மேஜையில் வைத்தேன். பூட்டு என்று வாயெடுத்ததும் உன் ஐயா கோபப்படவில்லை. ரொம்ப இரக்கமாக, "உங்க பொண்ணு வெளிய வந்துட்டு, செருப்புக்காகத் திரும்பிப் போயிருக்கு. அதுக்குக் கம்பெனி என்னம்மா பண்ணும்?" என்றார்.

போட்டோவை எடுத்துக்கொண்டு உன் பக்கம் திரும்பினேன். கதவோரம் நின்ற நீ தரையைப் பார்த்தாய். எனக்குச் சொல்லிக் கொடுத்தது போலவே அவருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். செருப்பைச் சொன்னவன், தட்டிய சத்தத்தைச் சொல்லவில்லை. கோபம் வரும் என்று நினைத்தேன். அருவருப்புதான் வருகிறது.

சலவை வேலை எனக்கு வேண்டாம். மற்ற ஐந்து தாய்மாரும் நானும் உன் ஆபீஸ் வாசலுக்கு வருகிறோம். என்ன பேசப் போகிறோம் என்று இந்தத் தடவை உனக்கு எழுதமாட்டேன்.

எங்களைக் கண்டதும் கதவைச் சாத்தச் சொல்வார்கள். சாத்துவது உன் வேலை, சாத்து. தாழ்ப்பாள் போட்ட பிறகு நகர்ந்து போய்விடாதே. நாங்கள் தட்டுவோம். நின்று கேள்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா