நாலாம் நம்பர் கம்ப்யூட்டர்

ஜூலை 8, 2008. செவ்வாய்

காலையிலிருந்து தூறல். நெட் சென்டர் கடையைத் திறந்து தூசி தட்டும்போது பார்த்தேன். நாலாம் நம்பர் கம்ப்யூட்டரில் மவுஸ் அம்பு தானாக ஒரு விரல் அகலம் நகர்ந்தது. நான் தொடவே இல்லை. அத்தான் கண்ணாடி கேபினுக்குள், அவர் கம்ப்யூட்டர் முன்னால்.

அக்கா வீட்டைவிட்டுப் போய் ஒரு வாரம். அத்தான் கீபோர்டால் முகத்தில் அடித்த அன்று போனாள். தரையெல்லாம் எழுத்துக்கட்டைகள். எல் எழுத்துக் கட்டை மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

அடி விழும்போது அவளுக்குத் தமிழ் வராது. "நக்கோ, நக்கோ" என்பாள். இந்த ஊர் உருதுவில் வேண்டாம் என்று கெஞ்சுவது. லாலாகுடா ரயில்வே காலனியில் வளர்ந்த எங்களுக்குப் பயத்தில் அதுதான் வரும். விருதுநகர்க்காரரான அத்தானுக்கு அது வேடிக்கை. அதே குரலில் சொல்லிக்காட்டிச் சிரிப்பார்.

அவர்கள் குழந்தை பப்லுவை மட்டும் அவர் விடவில்லை. மாடியில் என்னோடு இருக்கிறான். இருமல். டானிக் தீர்ந்தது.

ஜூலை 9, புதன்

"உங்கக்கா அல்வால்ல எவ வீட்டுலடி இருக்கா?" அத்தான் கேட்டார்.

அல்வால் என்பது அக்காவின் மெயிலில் மட்டும் இருந்த ஏரியாப் பெயர். நாலாம் நம்பரில் படித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

"ஊமக்கோட்டான், பேசுடி!" முடியைப் பிடித்து மேஜை விளிம்பில் மோதினார். உதடு கிழிந்தது. மவுஸ்பேடில் ரத்தம்.

கஸ்டமர் ஒருவர் எழுந்து, என்ன ஆச்சு என்று தெலுங்கில் கேட்டார். "ஏமைந்தி அண்ணா?"

"ஒண்ணுமில்ல பாஸ், ஃபேமிலி மேட்டர்."

அவர் உட்கார்ந்து ஹெட்போன் மாட்டிக்கொண்டார்.

ஜூலை 10, வியாழன்

உதடு வீக்கம். கஞ்சி மட்டும். அத்தான் பிரிண்டருக்கு டோனர் வாங்கக் கோட்டி பஜாருக்குப் போனார்.

கடைக்கு வரும், அமீர்பேட்டையில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்கும் ஸ்ரீலதா அக்கா முன்பு ஒரு சி.டி. கொடுத்திருந்தாள். கம்ப்யூட்டர்களில் எங்கே ஓட்டை என்று சொல்லும் ஸ்கிரிப்டுகள். "மன மெஷீன்ல மீதே, பக்கவாள்ளதி ஒத்து" என்றாள். நம்முடையதில் மட்டும், பக்கத்துக்காரர்களுடையதில் கூடாது. ஒன்பதாவதோடு பள்ளி நின்ற எனக்குக் கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கக் கற்றுத் தந்ததும் அவள்தான்.

கடை முழுக்க ஓட்டினேன். நாலாம் நம்பரில் மட்டும் ஒரு கதவு திறந்திருந்தது. கடவுச்சொல் தெரிந்தவர் தூரத்திலிருந்து திரையை அப்படியே பார்க்கலாம், அம்பையும் நகர்த்தலாம். நான் உட்காரும் இடம்.

கடவுச்சொல்லைப் பரிசோதிக்கும் ஸ்கிரிப்டும் இருந்தது. தயாராக இருந்த வார்த்தைகள் எதுவும் பொருந்தவில்லை. அவர் ஊர், அவர் அம்மா பெயர், எங்களைத் திட்டும் கெட்ட வார்த்தைகள் எல்லாம் சேர்த்தேன். இல்லை.

கடைசியில் அக்காவின் சொல்லை அடித்தேன். இரண்டு தடவை, சேர்த்து. நக்கோநக்கோ.

பொருந்தியது.

நாலாம் நம்பரை விட்டு எழுந்தேன்.

ஒன்பதாம் நம்பரில் எதுவும் திறந்திருக்கவில்லை. அங்கே அக்காவின் புது மெயில் படித்தேன். அல்வால் வீட்டு முகவரி. "பப்லுவ எப்படியாவது கொண்டு வந்துடு பாப்பா. அவன் மேல கை வைக்கிறதுக்குள்ள."

நாலாம் நம்பர் கதவை மூடவில்லை. மூடினால் தெரிந்துவிடும்.

ஜூலை 11, வெள்ளி

மழை. அத்தான் கேபினில். பப்லு மாடியில் அழுதான். "அத நிறுத்துடி, இல்ல நான் வந்து நிறுத்துவேன்."

நாலாம் நம்பரில் உட்கார்ந்தேன். அம்பு லேசாக அசைந்தது. பார்க்கிறார். ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன்: அக்கா, சரி. இன்று மதியம் நாச்சாரம் பிஸ்கட் கம்பெனி கேட்டில் நில். நான் வருகிறேன். அக்காவுக்கு அல்ல, என் முகவரிக்கே அனுப்பினேன்.

கேபினில் நாற்காலி இழுபடும் சத்தம். வெளியே வந்தார். ஷட்டர் இழுக்கும் இரும்புக் கொக்கியைச் சாக்கில் சுற்றி பைக்கில் செருகினார்.

"கடையப் பாத்துக்க. வர நேரமாகும்." வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். "நக்கோ, நக்கோ" என்றார், அவள் குரலில். சிரித்தார்.

பைக் சத்தம் தேயும்வரை நின்றேன். மாடி ஏறினேன். பப்லுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு அல்வால் பஸ்ஸில் ஏறினேன்.