பள்ளம் விழாத தோட்டா

கரோய்,
15 அக்டோபர் 1996

அன்புள்ள தவாண்டா,

நீ நன்றாக உறங்கி எழுந்திருந்தால் நானும் நன்றாக உறங்கி எழுந்தேன். காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களிடம் இப்படிச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம், அந்த வீடு காலியாகி ஒரு மாதம் ஆகிறது, அதனால் உனக்குச் சொல்கிறேன். அவர்கள் ஹராரேக்குப் போனார்கள், கோழிகளையும் விற்றுவிட்டார்கள், விடிந்தது என்று சொல்ல இங்கே ஒரு குரலும் இல்லை. மழை இன்னும் வரவில்லை, பகலில் தகரக் கூரை படபடவென்று வெடிக்கிறது. என் வகுப்பில் இந்த வருஷம் ஐம்பத்திரண்டு பிள்ளைகள், அவர்கள் ஓடிப்போன பிறகு பலகையைத் துடைத்து, பெஞ்சுகளை நேராக்கி, வேண்டுமென்றே மெதுவாகத்தான் வீட்டுக்கு வருகிறேன். சோளக்களி இன்னும் இரண்டு பேருக்குத்தான் கிளறுகிறேன், யோசிப்பதற்குள் கை மாவை அள்ளிப் போட்டுவிடுகிறது. மூட்டுவலி குறைந்திருக்கிறது. நீ அனுப்பிய களிம்பு நல்ல களிம்பு, வாசனைதான் ஆட்டுத் தொழுவம் மாதிரி.

உன் கடிதம் போன வாரம் வந்தது, நான்கு தடவை படித்தேன். வரும் ஜூலையிலிருந்து நீ தனியாகவே விருந்தாளிகளைக் காட்டெருமை வேட்டைக்கும் யானை வேட்டைக்கும் அழைத்துப் போகலாம் என்று அனுமதி கிடைத்ததைப் படித்ததும் தலைமையாசிரியரிடம் சொன்னேன், அவர் எல்லோருக்கும் சொல்லிவிட்டார், எனக்கு வெட்கமாகப் போயிற்று. சொந்தமாக ஓர் இரட்டைக்குழல் ரைஃபிள் இல்லாமல் அந்த வேலைக்குப் போக முடியாது என்று எழுதியிருந்தாய், அது எனக்கும் தெரியும், இருபது வருஷம் தடம் பார்ப்பவரின் மனைவியாக இருந்தவள்தானே. அருஷாவில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் கிரேக்கர் விற்கிற ஒன்று, பூவேலை எதுவும் இல்லாமல் மூஞ்சியே இல்லாத துப்பாக்கி என்று நீ கேலி செய்தது, அதற்கு இந்த வேட்டைப் பருவம் முழுவதும் விருந்தாளிகள் உனக்குத் தந்த அன்பளிப்புப் பணம் போய்விடும். இன்னொன்று உன் அப்பா தடம் பார்த்துக் கொடுத்த லிண்ட்செல் துரையினுடையது. அவர் நவம்பர் பத்தாம் தேதி டர்பனில் இருக்கும் மகளிடம் ஒரேயடியாகப் போகிறார், அதற்குமுன் உனக்கு அதை இனாமாகவே தருவதாகச் சொல்லியிருக்கிறார். எதை எடுக்கட்டும் அம்மா என்று கேட்டிருந்தாலும் துரையின் துப்பாக்கியை நீ மனதுக்குள் தோளில் மாட்டிக்கொண்டுவிட்டாய் என்பது உன் எழுத்திலேயே தெரிந்தது. உன் அப்பா செத்த அன்று துரை கையில் இருந்தது அதுதான் என்று உனக்குத் தெரியும். துப்பாக்கி மேல் குற்றமில்லை, ஒரு தோட்டா கெட்டுப்போய் வெடிக்கவில்லை என்று உனக்கும் சொன்னார்கள், எனக்கும் சொன்னார்கள். பதினோரு வருஷம் நாம் அந்தத் தோட்டாவைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்.

உன் மேபல் அத்தை வெள்ளிக்கிழமையே வந்துவிட்டாள், உன் கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். "இதுல கேக்க என்ன இருக்கு? என் தம்பி உசிரு போன துப்பாக்கி, அது எங்க வீட்டுக்கு வர வேண்டியதுதான். அவன் பக்கத்துலயே நின்னு புள்ளையக் காப்பாத்துவான். நீ படிச்சவ, உனக்கு இதெல்லாம் ஏறாது" என்றாள். பதில் சொன்னால் அவள் ஜெயித்துவிடுவாள், நான் மாவைச் சலித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை பத்து மணிக்குத் துரையின் வண்டி வந்தது. அவர் மிகவும் மெலிந்துவிட்டார், சட்டைக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்து போகும். வாசலில் நின்று வழக்கம்போல உள்ளங்கையைக் குவித்துக் கைதட்டி வணங்கினார், அத்தை என் காதில், "நாப்பது வருஷமா இந்த ஊருல கெடக்குறாரு, இன்னும் பொம்பள மாதிரியே தட்டுறாரு பாரு" என்று சொல்லிச் சிரித்தாள். அவருக்குக் கேட்டிருக்கும், அவரும் சிரித்தார். பிறகு அத்தை தேவாலயக் கூட்டத்துக்குப் போய்விட்டாள். அது நல்லதாயிற்று.

துரை தோல்பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தார். துப்பாக்கியை மடித்துத் திறந்து இரண்டு குழலும் காலி என்று எனக்குக் காட்டிவிட்டுத்தான் கையில் கொடுத்தார். நான் அதைத் தொட்டது அதுவே முதல் தடவை. அழகான பொருள்தான், பொய் சொல்ல மாட்டேன், இரும்பில் கொடி கொடியாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஆனால் தோளில் பதிக்கும் கட்டை துரையின் நீளக் கைக்கு அளவெடுத்தது. உன் கை என் கை மாதிரி குட்டை, பள்ளிச் சட்டை வாங்கும்போதெல்லாம் உன் சட்டைக் கையை இரண்டு விரற்கடை மடித்துத் தைத்தவள் நான். எனக்கே அது அக்குளில் இடித்தது. அதைச் சொல்லலாமா என்று நினைத்தபடி பெட்டியைப் பார்த்தேன், எண்ணெய்க் குப்பிக்குப் பக்கத்தில் துணியில் சுற்றி ஒரு தோட்டா தனியாக இருந்தது. இதுவா என்று கேட்டேன். ஆமாம், அதுதான் என்றார், எல்லாவற்றையும் பையனுக்கே கொடுத்துவிட வேண்டும் என்று எடுத்து வந்ததாகச் சொன்னார். எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். உன் அப்பா கொண்டுவந்த வெற்றுத் தோட்டாக்களை வரிசையாக நிறுத்தி நீ மாடு மேய்த்து விளையாடுவாயே, ஒவ்வொன்றின் பின்பக்கமும் நடுவில் ஊசி குத்திய சின்னப் பள்ளம் இருக்கும், மாட்டுக்குக் கண் என்பாய். இந்தத் தோட்டாவின் பின்பக்கம் வழவழவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. நான் ஒருபோதும் துரையிடம் எதுவும் கேட்டதில்லை, அன்றைக்கும் கேட்க வேண்டும் என்று நினைக்கவில்லை, வாய் தானாகத் திறந்தது. "கெட்ட தோட்டான்னாலும் ஊசி குத்தியிருக்கணுமே துரை. இதுல பள்ளமே விழலையே?"

அவர் தோட்டாவை என் கையிலிருந்து வாங்கித் தன் உள்ளங்கையில் திருப்பினார். பிறகு, "பதினோரு வருஷத்துல இதத் திருப்பிப் பாத்த மொத ஆளு நீதாம்மா" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அதற்கு முன்பு இருபத்தைந்து வருஷம் அவர் ஒற்றை விசை உள்ள ரைஃபிளைத்தான் தூக்கியிருந்தாராம். இரட்டைக்குழலில் குழலுக்கு ஒரு விசை, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று; அது அவர் கைக்கு வந்து மூன்று வாரம்தான், அவருக்கும் அதுதான் முதல் இரட்டைக்குழல். விருந்தாளி காயப்படுத்திய காட்டெருமை முட்புதருக்குள் போய்விட்டது, உன் அப்பா தடம் பார்த்து முன்னால், துரை ஐந்தடி பின்னால். அது வந்த வழியிலேயே திரும்பி வந்து பக்கவாட்டில் நின்றிருக்கிறது. பாய்ந்தபோது துரை முன்விசையை இழுத்தார், வலது குழல் வெடித்தது, குண்டு பட்டது, அது நிற்கவில்லை. உடனே விரல் பின்விசைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. விரல் இருபத்தைந்து வருஷப் பழக்கத்தில் இருந்த இடத்திலேயே நின்று முன்விசையை மறுபடி இழுத்தது, அது சும்மா தொளதொளவென்று வந்தது. தோட்டா கெட்டுவிட்டது என்றுதான் அந்த நொடியில் மெய்யாகவே நினைத்தாராம். துப்பாக்கியை மடித்து, இடது குழலில் இருந்த நல்ல தோட்டாவைப் பிடுங்கிக் கீழே எறிந்துவிட்டு, விரலிடுக்கில் வைத்திருந்த வேறு இரண்டைப் போட்டு மூடினார். எருமை செத்து விழுந்தது, ஆனால் அதற்குள் அது உன் அப்பா மேல் இருந்தது. பிறகு புல்லில் கிடந்த தோட்டாவை எடுத்துப் பார்த்தபோதுதான் ஊசி அதைத் தொடவே இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. விசாரணைக்கு வந்தவர்களிடம் அது தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். "பொய் சொல்லணும்னு நெனக்கல. மொத தடவ யாரோ கேட்டப்ப தோட்டா கெட்டுப்போச்சுன்னு வாயில வந்துச்சு, அப்புறம் அத மாத்த எனக்குத் தைரியம் வரல" என்றார்.

கைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் எழுந்து போய் இன்னொரு குவளை தேநீர் போட்டு வந்தேன். அவர் குடித்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வந்தது, ஆனால் அது வந்தபோது அவர் வண்டி தார்ச்சாலையை எட்டியிருந்தது. போவதற்குமுன், துப்பாக்கியைப் பையனுக்குக் கொடுக்க என்னை அனுமதிப்பாயா என்று கேட்டார். "அவனுக்கு வேண்டாம் துரை" என்றேன். உன்னைக் கேட்காமல் உனக்காகச் சொல்லிவிட்டேன், அதற்கு நீ என்னைக் கோபித்துக்கொள்ளலாம். அவர் மறுபேச்சு பேசாமல் பெட்டியை மூடினார், வாசலில் நின்று மறுபடி அப்படியே கைதட்டினார், இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பத்தாம் தேதி வரை அவர் இங்கேதான் இருப்பார். நீ நேரே அவருக்கு எழுதிக் கேட்டால் தருவார், நான் குறுக்கே நிற்க மாட்டேன். அத்தைக்கு மட்டும் இதை எழுதிவிடாதே. தெரிந்தால் தம்பியின் ஆவிக்கு ஈடாக மாடுகள் கேட்டு அவர் வாசலில் பாயைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள், மாடு வந்து சேரும்வரை எழுந்திருக்க மாட்டாள். அவள் கேட்பதும் நியாயம்தான். ஆனால் வாசலில் உட்கார்ந்து வாங்குகிற பொருளாக இது எனக்குத் தோன்றவில்லை.

வேண்டாம் என்று ஏன் சொன்னேன் என்றால் அது ராசியில்லாத துப்பாக்கி என்பதால் இல்லை, அது அன்றைக்கும் நல்ல துப்பாக்கியாகத்தான் இருந்தது, அதுதான் என்னால் தாங்க முடியாதது. நீ அதைத் தோளில் வைக்கும் ஒவ்வொரு தடவையும் உன் அப்பா உனக்கு முன்னால் நிற்பார். அவரைப் பார்க்க உனக்கு அரை மூச்சு போகும். அந்த வேலையில் இருப்பதே அரை மூச்சுதான் என்று அவரே சொல்வார். அதனால் மூஞ்சி இல்லாததையே வாங்கு. வாங்குவதற்குமுன் கண்ணை மூடிக்கொண்டு தோளுக்குக் கொண்டுபோ, பிறகு கண்ணைத் திற, குறி தானாக நேரே நின்றால் கட்டை உன் அளவு, கழுத்தை வளைத்துத் தேட வேண்டியிருந்தால் அதை விட்டுவிடு. இரண்டு குழலும் எந்தத் தோட்டாவுக்கு ஒரே இடத்தில் சுடும்படி இணைக்கப்பட்டவை என்று அந்தக் கிரேக்கரிடம் கேள், அந்தத் தோட்டாவையே வாங்கு, வேறு ஒன்றைப் போட்டால் இடதும் வலதும் சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி ஆளுக்கொரு பக்கம் போகும் என்பார் உன் அப்பா. மடித்து மூடியதும் விசையைத் தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு இருந்தால் அதைக் கழற்றச் சொல், அவசரத்தில் அது சுட விடாது. இதெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், தெரியாதது போல ஒரு தடவை கேட்டுக்கொள்.

ஆனால் உன் கடிதத்தில் கடைசிப் பக்கத்தில் ஒன்றைச் சிரித்துக்கொண்டே எழுதியிருந்தாய், முகாமில் ஒருவரின் இரட்டைக்குழலை வாங்கிச் சுட்டுப் பார்த்தபோது முதல் குண்டுக்குப் பிறகு உன் கை இல்லாத தாழ்ப்பாளை இழுக்கப் போய்க் காற்றைப் பிடித்தது, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்று. சனிக்கிழமைக்கு முன்னால் நானும் சிரித்தேன். நாலு வருஷம் குண்டுக்குக் குண்டு தாழ்ப்பாளை இழுக்கிற ரைஃபிளைத் தூக்கிய கை அது, புதுத் துப்பாக்கி வாங்கினால் கையும் புதிதாகிவிடாது. நீ வீட்டுக்கு வந்து ஒரு மாதம் இங்கேயே பழகு என்று எழுதினேன், அது துப்பாக்கிக்காகவா எனக்காகவா என்று எனக்கே தெரியவில்லை, அதனால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். அங்கேயே பழகு. வெற்றுத் தோட்டா போட்டு, முன்விசை பின்விசை, முன்விசை பின்விசை, காலையில் நூறு, சாயங்காலம் நூறு. களி கிளறும்போது துடுப்புப் பிடியில் நானும் மூன்று நாளாகச் செய்து பார்க்கிறேன், ஆள்காட்டி விரலை இழுத்துப் பின்னால் நகர்த்தி மறுபடி இழுப்பது. பத்துத் தடவைக்கு இரண்டு தடவை என் விரல் முன்னாலேயே நின்றுவிடுகிறது. என் எதிரில் எருமையும் இல்லை, களிதான் இருக்கிறது. துப்பாக்கி வாங்கிய அன்று எனக்கு எழுத வேண்டாம். பத்துக்குப் பத்தும் உன் விரல் யோசிக்காமல் பின்னால் போன அன்று எழுது, அதுவரை யார் கூப்பிட்டாலும் முட்புதருக்குள் நுழையாதே.

தந்தம் உடைய யானைக் குலத்துப் பிள்ளையே, உன் முன்னோர் உன் முன்னாலும் பின்னாலும் நடக்கட்டும், ஆண்டவர் உன் காலடியைப் பார்த்துக்கொள்ளட்டும். தண்ணீரைக் காய்ச்சிக் குடி. ஒன்றே ஒன்று கேட்க மறந்துவிட்டேன், உன் முகாமைப் பற்றி, சமையல்காரரைப் பற்றி, விருந்தாளிகளைப் பற்றி எல்லாம் எழுதினாய், ஜூலையில் உனக்கு முன்னால் தடம் பார்த்து நடக்கப் போகிறவர் யார் என்று எழுதவில்லை. அவர் பெயரையும், அவர் மனைவியின் பெயரையும் கேட்டு எழுது.

உன் அம்மா,
செகாய்