வெள்ளிக்கிழமைக் காவல்

மன்னார்,
ஆனி 2010

அன்பும் மதிப்பும் உள்ள ஜுனைதீன் நானாவுக்கு,

நானும் மகளும் சுகம். புத்தளத்தில் நீங்களும் சரீபா ராத்தாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். நாங்கள் ஊர் திரும்பியதை அறிந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. இருபது வருடத்துக்குப் பிறகும் கையெழுத்து அதே கோழிக் கிறுக்கல்தான். உங்கள் மகன்மார் புத்தளத்திலேயே ஊன்றிவிட்டார்கள் என்று எழுதி, சந்தையில் உங்கள் பங்கை யாருக்காவது விற்றுவிடச் சொல்லியிருக்கிறீர்கள். உடனே பதில் எழுத எனக்கு வரவில்லை.

அகதி முகாமிலிருந்து வந்து பார்த்தபோது சந்தைக்குக் கூரை இல்லை. என் அப்பப்பாவும் உங்கள் வாப்பாவின் வாப்பாவும் ஒன்றாகக் காணி வாங்கி, கிடுகால் வேய்ந்து, பிறகு ஓடு போட்ட கட்டடம். மீன் எங்களுக்கு, இறைச்சி உங்களுக்கு என்று நடுவில் அவர்கள் வைத்த அரைச்சுவர் மட்டும் அப்படியே நிற்கிறது. இப்போதைக்குத் தகரம் போட்டிருக்கிறேன். இயக்கம் உங்கள் சனம் முழுவதையும் ஊரைவிட்டுப் போகச் சொன்ன அந்த ஐப்பசியில் ஏணையில் குழந்தையாகக் கிடந்த டிலோஜினிதான் இன்று மீன் விற்கிறாள். விலை பேசுவதில் உங்களையும் விழுங்கிவிடுவாள்.

போன வெள்ளிக்கிழமை ஒரு கூத்து. பள்ளியில் பாங்கு சொன்னதும் நான் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு உங்கள் பக்கம் போய் நின்றுவிட்டேன். நீங்கள் ஜும்மாவுக்குப் போனால் நாங்கள் இறைச்சியைக் காப்பதும், நாங்கள் ஞாயிறு பூசைக்குப் போனால் நீங்கள் மீனைக் காப்பதும் பாட்டன்மார் காலத்து வழக்கம் அல்லவா? கால் தானாகப் போய்விட்டது. அங்கே இறைச்சி தூக்கும் கொளுக்கிகூட இல்லை. டிலோஜினி ஓடிவந்து, "என்னப்பா, அங்க ஒண்டுமில்லையே, என்னத்தைக் காக்கிறியள்?" என்று கேட்டாள். தொழுகை முடியும் மட்டும் நின்றுவிட்டுத்தான் வந்தேன்.

காவலுக்கு விட்டால் ஈரலைக் களவெடுப்பானே மில்ரன், இப்போதும் அப்படித்தானா என்று பகிடியாகக் கேட்டிருந்தீர்கள். நானா, என் மகன் மில்ரன் இல்லை. போன வருடம் சித்திரையில், சண்டைக்குள் இடம்பெயர்ந்து ஓடும்போது, ஷெல் விழுந்து. கடற்கரை மணலில் புதைத்தோம். அடையாளம் வைக்க அவகாசம் கிடைக்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு அழுகை வரவில்லை. அழுதால் நல்லது என்கிறார் மாதா கோயில் சுவாமி. காலையில் மீன் வருகிறது, வெட்டுகிறேன், அவ்வளவுதான்.

அவனுக்காக ஒரு பூசைகூட இன்னும் ஒப்புக்கொடுக்கவில்லை. டிலோஜினி ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறாள். ஞாயிறுதான் யாவாரம், கடையைப் பார்க்க ஆளில்லை என்று சாட்டுச் சொல்லி அவளை மட்டும் கோயிலுக்கு அனுப்புகிறேன். பூசை கொடுத்தால் சுவாமி பீடத்தில் நின்று இறந்தவர்களோடு அவன் பெயரையும் வாசிப்பார். அதைக் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் பக்கத்தில் போன் கடை போட ஒருவர் கேட்டு வந்தார். பொறுங்கோ என்று அனுப்பிவிட்டேன். பங்கு உங்களுடையது, விற்கச் சொன்னால் விற்றுத் தருவேன். ஆனால் அதற்கு முன் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் நானா. வந்து மீனோடு நில்லுங்கள். நீங்கள் நின்றால் எனக்குச் சொல்ல ஒரு சாட்டும் இருக்காது, கோயிலுக்குப் போய்விடுவேன்.

அல்லாஹ் உங்களுக்குப் பயணம் செய்யும் சுகத்தைத் தரட்டும்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
செபமாலை